அண்டாவைக் காலி செய்த ரோசி

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து எழுதிய வாசகி, பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நாயின் பெயரையும் மாற்றி ரோசி என்று வைத்துக்கொள்கிறேன். அவருடைய நீண்ட கடிதத்தின் சாரம் இது.

ரோசி ஐந்து வயது லாப்ரடார் பெண் நாய். இரண்டு வருடத்துக்கு முன் கருத்தடை ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இப்போது எடை 38 கிலோ. குட்டியிலிருந்தே சமையலறையில் திருடும் பழக்கம் உண்டு. ஆனால் நான்கைந்து மாதமாக அது எல்லை மீறிவிட்டது. தட்டை நக்கி முடித்த கையோடு குப்பைக்கூடையைக் கவிழ்க்கிறது, மாட்டுக்கு வைத்த தவிட்டைக்கூட விடுவதில்லை. மூன்று வாரத்துக்கு முன் வீட்டில் காதுகுத்து. விருந்து முடிந்து எல்லோரும் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பின்கட்டு அண்டாவில் மிஞ்சியிருந்த மட்டன் பிரியாணியை ரோசி எலும்போடு தின்று தீர்த்துவிட்டது. வயிறு உப்பி, மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. உறவினர் ஒருவர் சொல்ல, உப்பைக் கரைத்து வாயில் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு முறை வாந்தி எடுத்தது. தண்ணீர் குடித்தால் சோறு ஊறி வயிறு வெடித்துவிடும் என்று இன்னொருவர் சொன்னதால் விடியும்வரை தண்ணீரும் வைக்கவில்லை. பிறகு இரண்டு நாள் பட்டினி போட்டிருக்கிறார்கள். ரோசி தேறிவிட்டது. வீட்டில் சண்டைதான் தேறவில்லை.

"வயிறு நிறையப் போட்டால் ஏன் திருடப்போகிறது" என்கிறார் மாமியார். "ஒரு வேளை மட்டும் போட்டால் கொழுப்பு அடங்கும்" என்கிறார் கணவர். பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றில் பூச்சி என்கிறார். ஆபரேஷன் செய்ததால் வந்த வினை என்று வாசகிக்கு உள்ளூரக் குற்ற உணர்வு. போதாக்குறைக்கு ரோசி இரவில் ஹாலில் சிறுநீர் கழிக்க ஆரம்பித்திருக்கிறது. இதற்கு மேல் முடியாது, தோப்பு வீட்டில் கொண்டுபோய்க் கட்டிவிடலாம் என்று கணவர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். "இது நோயா, பேராசையா? நாங்கள் செய்ததில் எது சரி, எது தப்பு?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகிக்கு,

பேராசை என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். ரோசிக்கு நிஜமாகவே பசிக்கிறது. அந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. நீங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அதற்கு வருவதற்கு முன் பிரியாணி இரவைப் பேசிவிடுகிறேன். அது மறுபடி நடக்கலாம்.

அந்த இரவு

அளவுக்கு மீறித் தின்ற நாயின் வயிறு உப்புவது இரண்டு விதம். ஒன்று, தின்ற சோறும் வாயுவும் சேர்ந்து வயிறு புடைத்து நிற்பது. நாய் அசைய மாட்டாமல் படுத்திருக்கும், ஏப்பம் விடும், வாந்தி எடுக்கும், பல நேரம் ஒரு நாளில் வடிந்துவிடும். இன்னொன்று, உப்பிய இரைப்பை அப்படியே முறுக்கிக்கொள்வது. உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி இரண்டும் அடைபட்டு, ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். ஆபரேஷன் ஒன்றுதான் வழி. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன் போல நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களில் இது அதிகம். லாப்ரடார்களிலும் பார்த்திருக்கிறேன்.

வெளியே இருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கால்நடை மருத்துவர்களான எங்களுக்கே கஷ்டம், எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதி செய்வோம். ஆனால் ஒரு அறிகுறியை நீங்கள் வீட்டிலேயே கவனிக்கலாம்: நாய் வாந்தி எடுக்கத் திரும்பத் திரும்ப முயலும், குமட்டும், நுரையும் எச்சிலும் தவிர எதுவும் வராது. அதோடு நிற்க முடியாமல், படுக்கவும் முடியாமல் தவித்தால், ஈறு வெளுத்தால், வயிற்றைத் தட்டும்போது மேளம் போல் ஒலித்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், வண்டியில் ஏற்றுங்கள். உங்கள் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவில் யார் இருப்பார்கள், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதை இப்போதே விசாரித்துக் குறித்து வையுங்கள். பக்கத்தில் இரவு நேரம் பார்க்கும் தனியார் மருத்துவர் இருந்தால் அவர் எண்ணையும் சேர்த்து எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ரோசி பிழைத்ததால் அந்த வைத்தியம் பலித்தது என்று உங்கள் உறவினர் நினைத்துக்கொண்டிருப்பார். தயவுசெய்து அவரிடமும் சொல்லுங்கள், அது ஆபத்து. வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கினால் ரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைத் தாக்கும், வலிப்பு வரும். பிடித்து வைத்து ஊற்றும்போது கொஞ்சம் நுரையீரலுக்குப் போனாலும் நிமோனியா. முறுக்கிய வயிறாக இருந்திருந்தால் இதில் போகும் அரை மணி நேரமே நாயின் உயிரை வாங்கியிருக்கும். வாந்தி எடுக்க வைக்க வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், அதற்கு ஊசி இருக்கிறது.

தண்ணீரை நிறுத்தியதும் சரியில்லை. ஒரே மூச்சில் வாளித் தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் வைத்திருக்கலாம். உப்பைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மறுப்பது, யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பட்டினி போட்டதில் பாதி சரி. சாதாரண உப்புசத்துக்கு ஒரு வேளை, மிஞ்சினால் ஒரு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பிறகு குழைந்த சாதமும் வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். இரண்டு நாள் தேவையில்லை.

பிரியாணியில் அளவைத் தவிர வேறு மூன்று ஆபத்துகள் உண்டு. முதலாவது வெங்காயம். அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாதிப்பும் அன்றைக்கே தெரியாது, மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். நெய்யும் கொழுப்பும் சேர்ந்தால் கணைய அழற்சி வரலாம். அப்போது வாந்தி நிற்காது, வயிற்று வலியில் முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக் கும்பிடுவது போல் நிற்கும். வெந்த எலும்பு சிராயாக உடைந்து குடலில் குத்தும், அல்லது அடைக்கும். மூன்று வாரம் ஆகிவிட்டதால் ரோசி இவற்றைத் தாண்டிவிட்டது. அடுத்த விருந்தில் அண்டாவைக் கதவு உள்ள அறையில் வையுங்கள். பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் கவனம். சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் செயலிழக்கும். எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன மாத்திரை

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ரோசியின் உடம்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "மழைக்காலத்தில் அரிப்பு வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையே மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினமும் கொடுத்து வருகிறோம். அரிப்பு சுத்தமாக இல்லை."

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பைச் சட்டென்று நிறுத்தும் நல்ல மருந்து, சில நாளுக்கு. மாதக்கணக்கில் தினமும் போனால் பசி அடங்காது, தண்ணீர் தாகம் எடுக்கும், சிறுநீர் அதிகமாகும், வயிறு பானை போல் தொங்கும், முடி உதிரும். நான்கைந்து மாதமாகப் பசி கூடியது, அண்மையில் ஹாலில் சிறுநீர் போக ஆரம்பித்தது, மழைக்காலத்தில் மாத்திரை தொடங்கியது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான். ஹாலை நனைப்பது கொழுப்பினால் இல்லை. குடித்த தண்ணீரை விடியும்வரை அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதற்காக யாராவது அடித்திருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆனால் இதைப் படித்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டு விழலாம். மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். போகும்போது மாத்திரை அட்டையையும், காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்தும் எடுத்துப் போங்கள். ரத்தத்தில் சர்க்கரை, கல்லீரல், சிறுநீரில் கிருமி இதையெல்லாம் பார்ப்பார்கள். அரிப்புக்கு மூலகாரணம் உண்ணியா, பூஞ்சையா, ஒவ்வாமையா என்பதையும் தேடச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதற்கிடையில் நடக்கச் சிரமப்படுகிறது என்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிட வேண்டாம், ஸ்டீராய்டோடு சேர்ந்தால் குடலில் புண் விழும். இன்னொன்று, ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்துகள். பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்குவது கடைக்காரர் செய்யும் உதவி என்று நினைக்காதீர்கள்.

மாத்திரை ஸ்டீராய்டு இல்லை என்றால்? அப்போதும் பரிசோதனை வேண்டும். நிறையத் தின்று, நிறையத் தண்ணீர் குடித்து, மெலிந்துகொண்டே போனால் சர்க்கரை நோய். பானை வயிறும் முடி உதிர்வுமாக இருந்தால் உடம்பே ஸ்டீராய்டை அதிகம் சுரக்கும் குஷிங் நோய். எடை ஏறுகிறது, ஆனால் பசி கூடவில்லை என்றால் தைராய்டைப் பார்ப்போம். பூச்சி? மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடைக்கு ஏற்ற பூச்சி மருந்து கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் 38 கிலோ ஏறிய நாயின் பசிக்குப் பூச்சியைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆபரேஷனைப் பற்றி: அது பசியைக் கொஞ்சம் கூட்டும், உடம்புக்குத் தேவையான சக்தியைக் கால் பங்கு வரை குறைக்கும். ஆபரேஷன் முடிந்த வாரமே உணவைக் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும். பலர் சொல்வதில்லை. செய்தது தப்பில்லை, கர்ப்பப்பையில் சீழ் கட்டி வரும் நாய்களைப் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இனத்துக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் லாப்ரடார்களில் ஒரு மரபணுக் குறைபாட்டைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பரிசோதித்தவற்றில் சுமார் நாலில் ஒரு நாய்க்கு அது இருந்தது. 2024-ல் வந்த அடுத்த ஆய்வில், அந்தக் குறை உள்ள நாய்களுக்கு இரண்டு வேளைக்கு நடுவில் கூடுதலாகப் பசிக்கிறது, சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியும் சுமார் கால் பங்கு குறைவு என்று தெரிந்தது. ரோசிக்கு அது இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் மாமியாருக்கு ஒன்று புரிந்தால் போதும்: லாப்ரடாரின் கண்ணைப் பார்த்து அளவு வைக்க ஆரம்பித்தால் எந்த அளவும் போதாது.

தட்டில் எவ்வளவு

ஒரு நாள் உணவை நீங்கள் எழுதியிருப்பது நல்லதாகப் போயிற்று. காலையில் கால் லிட்டர் பால், மூன்று இட்லி. மதியமும் இரவும் ஒவ்வொரு பெரிய கிண்ணம் சோறு, கோழிக் கழுத்து, தோலோடு. நடுநடுவே மாமியார் கையால் எட்டு பிஸ்கட். சோறு கிண்ணத்துக்கு 400 கிராம் என்று வைத்தால் அதுவே ஆயிரம் கலோரியைத் தாண்டுகிறது. எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் வருகிறது.

ரோசி இருக்க வேண்டிய எடை 30 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். கையால் விலாவைத் தடவிப் பார்த்து உங்கள் மருத்துவர் இதைத் திருத்தலாம். லேசாகத் தடவும்போது விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். அந்த 30 கிலோவுக்குக் கணக்குப் போட்டு எடை குறைக்கத் தரும் அளவு நாளுக்குச் சுமார் 900 கலோரி. இப்போது போவதில் பாதிகூட இல்லை.

இதற்காக இதே சோற்றைப் பாதியாக்காதீர்கள். கலோரியோடு புரதமும் சத்தும் பாதியாகிவிடும், பசி இன்னும் கூடும். எடை குறையும் வரைக்காவது, எடை குறைப்புக்கென்றே வரும் முழுமையான நாய் உணவுக்கு மாறுவது நல்லது. பையில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருக்கும். 350 என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 250 கிராம். டம்ளரால் அளக்க வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுங்கள். பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்றால் மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிச் செய்யலாம், ஆனால் சத்து மாத்திரை சேர்க்காமல் சோறும் கோழியும் மட்டும் போதாது.

உங்கள் கணவரின் ஒரு வேளை யோசனை எனக்குச் சம்மதமில்லை. ஒரே வேளையில் மொத்தமாகத் தின்பதும், வேகமாக விழுங்குவதும் அந்த வயிறு முறுக்கும் ஆபத்தைக் கூட்டுகிறவை. அதே 250 கிராமை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். தட்டில் கொட்டாமல் மேடுபள்ளம் உள்ள கிண்ணத்தில் போட்டால் இரண்டு நிமிடத்தில் காலியாவது பத்து நிமிடம் ஆகும். ஒரு பெரிய தாம்பாளத்தில் பரப்பினாலும் ஓரளவு பலன் உண்டு. கேட்டுக்கொண்டே இருந்தால் உப்பு, வெங்காயம் போடாமல் வேகவைத்த பீன்ஸ், பூசணி, பச்சை வெள்ளரிக்காய் கொஞ்சம் தரலாம்.

வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் சரியான வேகம். வீட்டுத் தராசில் நீங்கள் ரோசியைத் தூக்கிக்கொண்டு நிற்கப் போவதில்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரித் தராசில் ஏற்றுங்கள். இந்த வேகத்தில் எட்டு கிலோ குறைய நான்கு மாதம், நடுவில் தடைபட்டால் ஐந்தாறு மாதம் ஆகலாம். ஸ்டீராய்டு குறையும் வரை எடை அசையாமல் நின்றாலும் மனம் தளர வேண்டாம். நடை காலை ஏழு மணிக்கு முன்னால், பத்து நிமிடத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். குண்டு நாய் தஞ்சை வெயிலில் ஓடினால் இளைப்பதற்கு முன் வெப்பம் தாக்கிவிடும்.

மாமியார், கணவர், தோப்பு

உங்கள் மாமியாரை எதிரியாக வைத்துக்கொண்டு இந்த ஐந்து மாதத்தைத் தாண்ட முடியாது. பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான். அளக்கும் வேலையையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் ஒரு நாள் உணவை எடை போட்டதும், அதிலிருந்து ஒரு கைப்பிடியை, சுமார் 25 கிராம், தனி டப்பாவில் போட்டு அவர் பக்கத்தில் வையுங்கள். ஆசை வரும்போதெல்லாம் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும். டப்பா காலியானால் நாளைக்குத்தான். பிஸ்கட் கொடுக்கிறவர் என்ற உறவும் அறுபடாது, கணக்கும் தப்பாது. அவரிடம் சொல்ல ஒரு செய்தியும் தருகிறேன்: 2002-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாக வளர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகவே கடைசிவரை போட்டார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

தோப்பு வீட்டைப் பற்றி உங்கள் கணவரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசலாம். பசி அடங்காத, மருந்து நடக்கிற ஒரு நாயைத் தோப்பில் கட்டினால் யார் உணவை எடை பார்த்துப் போடுவார்கள், யார் மாத்திரையைக் குறைத்துக் கொடுப்பார்கள்? அவிழ்த்துவிட்டால் எலிக்கு வைத்த விஷ உருண்டையைத்தான் முதலில் தின்னும். பட்டினியில் வாடும்படி விட்டுவிடுவதும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தினமும் ஹாலைத் துடைக்கிற எரிச்சலில் சொல்கிறார். மாத்திரை குறையக் குறைய அந்த எரிச்சலுக்குக் காரணமே குறையும் என்பது என் எதிர்பார்ப்பு. அதுவரை படுக்கப்போகும் முன் பத்தரை மணிக்கு ஒரு முறை, விடிகாலையில் ஒரு முறை வெளியே அழைத்துப் போகும் வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடக் கூடாது.

ஆறு மாதம் இப்படிச் செய்து பார்த்த பிறகும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவானால், தோப்புக்குப் பதில் நாயை வீட்டுக்குள் வைத்து வளர்க்கும் ஒருவரைத் தேடுங்கள். ஒப்படைக்கும்போது தடுப்பூசிப் புத்தகம், எடைக் குறிப்பு, மருந்துச் சீட்டு மூன்றையும் கையில் கொடுத்துவிட்டு, பிஸ்கட் டப்பா ஏற்பாட்டையும் சொல்லிவிடுங்கள்.